வெளிநாட்டில் விமானப் பயிற்சி: கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய கணக்கு

விமானப் பயிற்சிப் பள்ளிகளின் கட்டணப் பட்டியலைக் கையில் எடுத்ததும் எல்லாரும் அடியில் இருக்கும் மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானது அதே தாளில் சின்ன எழுத்தில் இருக்கும் 'குறைந்தபட்ச மணி நேரம்' என்ற சொல். அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்குச் சட்டம் கேட்பது 40 மணி நேரப் பறத்தல். அந்த நாட்டு விமான விதிகளில் 'பகுதி 141' என்ற பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் 35 மணி நேரமே போதும். பட்டியலில் இருக்கும் தொகை பெரும்பாலும் இந்த எண்ணை வைத்துப் போட்டது. ஆனால் 40 மணி நேரத்தில் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் குறைவு. 60, 70 மணி நேரம் ஆவதுதான் சாதாரணம். 40 என்று கணக்குப் போட்டுவிட்டு 65-இல் முடித்தால், விமான வாடகையும் பயிற்றுநர் கட்டணமும் 60 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். இது முதல் உரிமத்துக்கு மட்டும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி), சம்பளத்துக்குப் பறக்க வணிக விமானி உரிமம், மல்டி என்ஜின் (ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள விமானத்துக்கான தகுதி) எல்லாம் அதற்கப்புறம் வரிசையில் நிற்கின்றன.

கூடுதல் மணி நேரம் தன் திறமைக் குறைவால் வருகிறது என்று நினைத்து மனம் உடைந்துபோகிற மாணவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் காரணம் அது இல்லை, இடைவெளிதான். விமானத்தைத் தரையிறக்குவது கையும் கண்ணும் சேர்ந்து பழகுகிற வேலை. வாரத்துக்கு நான்கு நாள் பறக்கிறவருக்கு நேற்று செய்த தவறு இன்றும் கையில் நினைவிருக்கும். பத்து நாள் கழித்து வருகிறவர் பாடத்தின் முதல் பகுதியைப் பழையதைத் திரும்பப் பிடிப்பதிலேயே செலவழிக்கிறார், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க. பணம் வரவில்லை, எழுத்துத் தேர்வு பாக்கி, மருத்துவச் சான்று வரவில்லை, வானிலை சரியில்லை, விமானம் பணிமனையில் நிற்கிறது, தேர்வாளர் தேதி கொடுக்கவில்லை: இடைவெளி இப்படித்தான் உருவாகிறது. இவற்றில் முதல் மூன்றும் முழுக்க நம் கையில் இருப்பவை. மற்றவற்றையும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே ஓரளவு தவிர்க்கலாம். அதனால்தான் வெளிநாட்டுப் பயிற்சியின் உண்மையான விலை, வெளிநாட்டுக்குப் போகும் முன்பே முடிவாகிவிடுகிறது என்று சொல்கிறேன்.

எந்த நாட்டு உரிமம் வேண்டும்?

பள்ளியைத் தேடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: பிற்காலத்தில் எந்த நாட்டுப் பதிவு உள்ள விமானத்தை ஓட்டப்போகிறோம்? 1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் 32-ஆவது பிரிவுப்படி, நாடு விட்டு நாடு போகும் விமானத்தின் விமானியிடம், அந்த விமானம் பதிவாகியிருக்கும் நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட உரிமம் இருக்க வேண்டும். அதாவது, படித்த நாடு ஒன்றாகவும் வேலை செய்யும் நாடு வேறாகவும் இருந்தால் உரிமத்தை மாற்றியாக வேண்டும். மாற்றும் விதி நாட்டுக்கு நாடு வேறு.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சி என்றால் 150. கனடா 200 கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒருங்கிணைந்த பயிற்சிக்கு 150, இல்லையென்றால் 200. அமெரிக்காவில் 250, பகுதி 141 பள்ளியில் 190. 150 மணி நேரத்தில் உரிமம் வாங்கித் திரும்பியவரிடம் சொந்த நாடு 200 கேட்டால், மீதி 50 மணி நேரத்துக்கு அவர் விமானம் வாடகைக்கு எடுக்க வேண்டும். மொத்த மணி நேரம் மட்டும் பார்த்தால் போதாது. விமானத் தலைவராகப் பறந்தது எவ்வளவு, தொலைதூரப் பயணம் எவ்வளவு, இரவில் எவ்வளவு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. இந்தக் கணக்கைப் பயிற்சியின் நடுவில் சரிசெய்வது எளிது. ஊர் திரும்பிய பிறகு சரிசெய்வது மிகக் கடினம். ஆகவே சொந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிம மாற்று விதியை அச்சடித்து, பள்ளியின் பாடத்திட்டத்தை அதன் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளியின் விற்பனைப் பிரிவு வாய்மொழியாகச் சொல்வது இதற்கு ஈடாகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அங்கே ஏர்லைன் விமானிக்கான எழுத்துத் தேர்வு 13 பாடங்கள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வாங்க வேண்டும். வேறு நாட்டு வணிக உரிமம் கையில் இருக்கிறது என்பதற்காக இந்தத் தேர்வுகளைத் தள்ளுபடி செய்வதில்லை. பிரிட்டனில் படித்தால் ஐரோப்பா முழுக்க வேலை செய்யலாம் என்ற பழைய கணக்கும் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. பிரிட்டன் உரிமம் வேறு, ஐரோப்பிய உரிமம் வேறு. நீண்ட காலம் பணம் சேர்க்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். சேமிக்கத் தொடங்கிய அன்று இருந்த விதி, கிளம்பும் அன்று இருக்கும் என்ற உறுதி இல்லை.

முதல் செலவு மருத்துவருக்கு

ஒரு காசு சேர்க்கும் முன் 'முதல் வகுப்பு' (கிளாஸ் 1) எனப்படும் விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். அதுவும் விமானிகளைப் பரிசோதிக்க ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம். பார்வை, நிறம் பிரித்தறிதல், கேட்கும் திறன், இதயத்துடிப்புப் பதிவு, ரத்த அழுத்தம், மன நலம், பழைய நோய்கள் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடை இல்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணுக்கும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 பார்வை இருந்தால் ஐகாவோ அளவுகோலுக்குப் போதும். நிறக் குறைபாடுதான் பலருக்குத் தெரியாமலே இருப்பது. புள்ளிகளுக்குள் எண் தெரிகிறதா என்று பார்க்கும் இஷிஹாரா அட்டையை வாழ்நாளில் முதல்முறையாக அந்த மருத்துவமனையில்தான் பார்க்கிறார்கள். ஐந்து வருடம் சேமித்த பிறகு அந்தச் செய்தி வருவது மிகக் கொடுமை. முதல் மாதமே தெரிந்துவிட்டால் அடுத்து என்ன சோதனை உண்டு, எந்த உரிமம் சாத்தியம் என்று யோசிக்க நேரமாவது கிடைக்கும். சான்று காலாவதியாகிவிடும்தான், மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு மொத்தச் செலவில் தூசு.

பாதிப் பணத்தோடு கிளம்பாதீர்கள்

"பாதிப் பணம் சேர்ந்துவிட்டது, போய்ச் சேர்ந்துவிட்டால் மீதியை அங்கே பார்த்துக்கொள்ளலாம்." இந்தத் திட்டம் எவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறதோ அவ்வளவு ஆபத்தானது. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். தனிப் பயிற்சிப் பள்ளிகளில் சேர்கிறவர்களுக்குப் பெரும்பாலும் எம்-1 விசாதான். படிக்கும் காலம் முழுவதற்குமான கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் அது கிடைக்கும். படிக்கும்போது வேலை செய்ய அனுமதி இல்லை. படிப்பு முடிந்த பிறகு நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம் செயல்முறைப் பயிற்சிக்கு அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். பல்கலைக்கழகப் பட்டப்படிப்போடு சேர்ந்த பயிற்சிக்கு எஃப்-1 விசா. அதில் படிப்புக்குப் பின் 12 மாதம் வரை வேலை அனுமதி உண்டு, ஆனால் பட்டப்படிப்பின் கட்டணமும் காலமும் அதற்கேற்ப அதிகம். விசா போக, வெளிநாட்டவருக்கு விமானத்தில் பயிற்சி தொடங்கும் முன் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கைரேகை எடுத்துப் பின்னணி விசாரித்து அனுமதி தர வேண்டும். அந்தக் காத்திருப்புக்கும் வாடகையும் சாப்பாடும் கணக்கில் வர வேண்டும்.

பணம் நடுவில் தீர்ந்தால் பயிற்சி நிற்கும். நின்றால் கை மறக்கும். பணம் திரும்ப வந்ததும் மறந்ததைப் பிடிக்க மறுபடி பணம் வேண்டும். இந்தச் சுழலில் மாட்டியவர்கள்தான் 90, 100 மணி நேரம் பறந்தும் முதல் உரிமம் இல்லாமல் திரும்புகிறவர்கள். அவர்களின் லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டில், இருக்கும் மணி நேரம் உண்மை, உழைப்பும் உண்மை, ஆனால் கையில் ஒன்றும் இல்லை.

முழுப் பயிற்சிக்கும் பணம் சேரும்வரை பத்து வருடம் காத்திருக்க வேண்டுமா என்றால், தேவையில்லை. நிறுத்துவதென்றால் படியில் நிறுத்துங்கள், இரண்டு படிக்கு நடுவில் நிறுத்தாதீர்கள். தனியார் விமானி உரிமத்துக்கான முழுப் பணத்தோடு ஒரு தடவை போய் அதை வாங்கிக்கொண்டு திரும்பி, வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, அடுத்த படிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மெதுவான வழிதான். இரண்டு விமானப் பயணச் செலவு, இரண்டு விசாச் செலவு எல்லாம் உண்டு. ஆனால் எந்தக் கட்டத்தில் நின்றாலும் கையில் ஒரு முழு உரிமம் இருக்கும். பறப்பது தனக்கு உண்மையிலேயே ஒத்துவருகிறதா என்பதும் பெரிய கடன் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

சேமிப்பை மூன்று பங்காகப் பிரித்து வைப்பதை நான் வலியுறுத்துவேன். பயிற்சிப் பணம் ஒன்று: சட்டம் கேட்கும் மணி நேரத்தோடு பாதியைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். அதில் தேர்வுக் கட்டணம், தேர்வாளர் கட்டணம், மறுதேர்வு, ஹெட்செட், வரைபடம், காப்பீடு எல்லாம் அடங்கும். இரண்டாவது வாழ்க்கைப் பணம்: பள்ளி பத்து மாதம் என்று சொன்னால் பதின்மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி விமான நிலையங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருப்பவை, பேருந்து இல்லாத இடங்கள் அதிகம். போக்குவரத்துச் செலவைக் குறைத்துப் போடாதீர்கள். மூன்றாவது, எக்காரணம் கொண்டும் தொடக்கூடாத பணம். திரும்பிவரும் டிக்கெட், உரிமத்தை மாற்றும் செலவு, வேலை தேடும் முதல் சில மாதங்கள் எல்லாம் இதில்தான். உரிமம் வாங்கிய கையோடு இந்த மூன்றாவது பங்கு இல்லாமல் திரும்புகிறவர்கள் படும் பாடு, பயிற்சியில் பட்டதைவிட அதிகம்.

சம்பாதிப்பது ஒரு நாணயத்திலும் கட்டணம் இன்னொரு நாணயத்திலும் இருந்தால், இலக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். உதாரணத்துக்கு, கட்டண நாணயத்தின் விலை நம் நாணயத்தில் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்று வைப்போம். ஐந்து வருடத்தில் அதே கட்டணம் நமக்கு ஏறக்குறைய 22 சதவீதம் கூடியிருக்கும். இதற்கு மேல் பள்ளியும் தன் கட்டணத்தை ஏற்றும். சிறு விமானங்கள் எரிக்கும் அவ்கேஸ் விலை ஏறினால் மணிக்கான வாடகையும் ஏறும். ஆண்டுக்கு ஒரு முறை இலக்கைத் திருத்தி எழுதுங்கள். சட்டம் அனுமதிக்கும் நாடாக இருந்தால் சேமிப்பில் ஒரு பகுதியைக் கட்டண நாணயத்திலேயே சிறுகச் சிறுக மாற்றி வைப்பது நல்லது. விகிதம் குறையும் என்று காத்திருந்து மொத்தமாக மாற்றுவது சூதாட்டம்.

கடன் வாங்கலாமா? வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்: உரிமம் வாங்கி இரண்டு வருடம் வேலை கிடைக்கவில்லை என்றால் தவணையை யார் கட்டுவார்? 2008-இன் நிதி நெருக்கடிக்குப் பிறகும், 2020-இல் பெருந்தொற்றின்போதும் விமான நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தின. அனுபவம் உள்ள விமானிகளே வீட்டில் உட்கார்ந்தார்கள். இந்தத் தொழிலில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், பயிற்சி முடிகிற வருடம் எதில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2013 முதல், 2009-இல் நடந்த கோல்கன் ஏர் விபத்தைத் தொடர்ந்து வந்த சட்டத்தால், துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். வேறு பல நாடுகளில் 200 மணி நேரத்துக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனால் ஏ320 அல்லது 737 போன்ற குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதியான டைப் ரேட்டிங்கைத் தன் செலவில் முடித்துவிட்டு வரச் சொல்வதும் உண்டு. வீட்டை அடமானம் வைத்துக் கையெழுத்துப் போடும் அப்பா அம்மாவுக்கு இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். சொல்வது பிள்ளையின் கடமை.

மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி

பல பள்ளிகள் இப்படிச் சொல்லும். ஆசை வேண்டாம். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் திவாலாகி ஒரே நாளில் கதவைச் சாத்தியது. கடன் வாங்கி முன்பணம் கட்டியிருந்த மாணவர்கள் ஆயிரக்கணக்கில். பயிற்சி பாதியில், கடன் முழுதாக. 2023 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் டண்டீயில் பல பத்தாண்டுகளாக இயங்கிய டேசைடு ஏவியேஷன் மூடியபோதும் முன்பணம் கட்டியவர்கள் தவித்தார்கள். பழைய பள்ளி, பெரிய பள்ளி என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. பறந்த பிறகு கட்டுவது அல்லது சிறு தவணைகளில் கட்டுவதுதான் சரி. முன்பணம் வாங்கியே தீருவோம் என்று சொல்லும் பள்ளியிடம், அது மாணவர் பணத்துக்கென்று தனிக் கணக்கில் இருக்குமா, நடுவில் விலகினால் எவ்வளவு நாளில் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

இரண்டு பள்ளிகளின் மணிக் கட்டணத்தை அப்படியே ஒப்பிடவும் முடியாது. எரிபொருள் சேர்த்த வாடகையா, இல்லாததா என்பது முதல் விஷயம். அப்புறம், பல பள்ளிகள், எஞ்சின் ஓடும் நேரத்தை அளக்கும் ஹாப்ஸ் மீட்டர் கணக்கில்தான் வாங்கும். விமானம் தரையில் வரிசையில் நின்றாலும் எஞ்சின் ஓடினால் மீட்டர் ஓடும். பெரிய விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தால், 60 பாடத்தில் 15 மணி நேரம் தரையிலேயே போய்விடும். பயிற்சி செய்யும் வான்பகுதி ஓடுபாதையிலிருந்து தூரமாக இருந்தாலும் இதே இழப்புதான். நெரிசலான இடத்தில் ரேடியோ பேசப் பழகுவது நல்ல அனுபவம், மறுக்கவில்லை. அதற்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் எத்தனை, மாணவர் எத்தனை என்று கேளுங்கள். அமெரிக்காவில் வாடகைக்குப் பயிற்சி தரும் விமானம் ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் பரிசோதனைக்குப் போக வேண்டும்; பள்ளிக்குச் சொந்தப் பணிமனை இருந்தால் ஓரிரு நாளில் திரும்பும், இல்லாவிட்டால் வாரக்கணக்கு ஆகலாம். தேர்வாளர் தேதி கிடைக்க எவ்வளவு நாள் ஆகிறது என்பதை விற்பனைப் பிரிவிடம் கேட்பதைவிட, போன மாதம் தேர்வு முடித்த மாணவர் ஒருவரைத் தேடிக் கேட்பது மேல்.

வானிலையைப் பற்றிச் சுருக்கமாக. ஃபுளோரிடா ஆண்டு முழுக்கப் பறக்கலாம் என்பார்கள், கோடையில் பிற்பகலெல்லாம் இடிமழை. அரிசோனாவில் வானம் தெளிவு, ஆனால் கோடை வெயிலில் காற்று அடர்த்தி குறைந்து சிறு விமானம் திணறும், அதனால் விடியற்காலைதான் பயிற்சி. கனடாவில் குளிர்காலத்தில் பகல் குறுகியது. எந்த மாதத்தில் எந்தப் பாடம் வரும் என்று பார்த்துத் தொடங்கும் தேதியை வைத்தால் சில வாரங்கள் மிச்சமாகும்.

வீட்டிலிருந்தே படிக்கக்கூடியவை

பணம் சேரும் அந்த இரண்டு மூன்று வருடத்தை வெறுமனே காத்திருப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதற்குப் பணம் கிட்டத்தட்ட வேண்டாம். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ தன் பயிற்சிக் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே கொடுக்கிறது. இறக்கை ஏன் தூக்குகிறது, ஸ்டால் (இறக்கை தூக்கு விசையை இழப்பது) எப்படி வருகிறது, கார்புரேட்டரில் எப்படிப் பனி பிடிக்கிறது, வானிலை அறிக்கையை எப்படி வாசிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. தரையில் இலவசமாகக் கற்க வேண்டியதை, பயிற்றுநருக்கு மணிக்கணக்கில் பணம் கொடுத்து விமானத்தில் கற்பதுதான் இருப்பதிலேயே பெரிய விரயம். எழுத்துத் தேர்வுக்குப் போய் இறங்கியதும் தேதி வாங்கும் அளவுக்கு இங்கேயே தயாராகிவிடலாம்.

ஆங்கிலம் இன்னொன்று. சர்வதேசப் பறத்தலுக்கு ஐகாவோவின் ஆறு படிகளில் குறைந்தது நான்காவது படி வேண்டும் என்பது 2008 மார்ச் முதல் இருக்கும் விதி. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் ஆறிலும் தனித்தனியே அந்தப் படியை எட்ட வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 1990 ஜனவரி 25 அன்று ஏவியான்கா 52 நியூயார்க்கில் தரையிறங்கக் காத்திருந்து, எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று விமானிகள் சொன்னார்கள், 'எமர்ஜென்சி' என்ற சொல்லை மட்டும் கட்டுப்பாட்டு அறையிடம் சொல்லவில்லை. ரேடியோவில் பேசும் ஆங்கிலம் தனி வகை, குறுகியது, அளவெடுத்த சொற்கள் கொண்டது. கட்டுப்பாட்டு அறைகளின் பேச்சை இணையத்தில் நேரலையாகக் கேட்க முடியும். தினம் அரை மணி நேரம் கேட்டு, எழுதி, வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் ஒன்றும் புரியாது. மூன்றாவது மாதம் அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரியத் தொடங்கும். பயிற்சிக்குப் போனதும் பாதி மூளை ரேடியோவிலேயே சிக்கிக்கொள்ளாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, எஞ்சின் கிளப்புவதிலிருந்து தரையிறங்குவது வரை கையால் தொட்டுத் தொட்டு ஒத்திகை பார்ப்பதை 'சேர் ஃப்ளையிங்' என்பார்கள். பயிற்சி விமானத்தின் காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துச் செய்யலாம். வீட்டுக் கணினி சிமுலேட்டர் ரேடியோ, வழி கண்டுபிடித்தல், கருவிப் பறத்தல் இவற்றுக்கு உதவும். ஆனால் அதில் தரையிறங்கப் பழகிவிட்டுப் போகாதீர்கள். வெளியே பார்க்காமல் கருவியையே பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால், அதைக் கழற்றவே பயிற்றுநருக்குச் சில மணி நேரம் பிடிக்கும்.

கடைசியாகத் திரும்பும் பயணம். தேர்வில் வென்றதும் அமெரிக்காவில் கிடைப்பது 120 நாள் செல்லும் தற்காலிகத் தாள். நிரந்தர அட்டை அஞ்சலில் வரும், அதற்குச் சரியான முகவரி கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் முகவரி இல்லாமல் அந்த நாட்டு உரிமம் வைத்திருப்பவர்கள் அங்கே ஒரு முகவரை நியமிக்க வேண்டும் என்ற விதியும் 2025 முதல் வந்திருக்கிறது. சொந்த நாட்டு ஆணையம் உரிமத்தின் உண்மைத்தன்மையை எஃப்.ஏ.ஏ-இடம் கேட்டு உறுதிசெய்யும் வேலையைப் புறப்படும் முன்பே தொடங்கிவிடலாம். லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் பயிற்றுநரின் கையெழுத்தும் உரிம எண்ணும் இருக்கிறதா, மணி நேரக் கூட்டல் சரியா என்று பள்ளியிலேயே உட்கார்ந்து பாருங்கள். எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். பள்ளி தரும் பயிற்சிப் பதிவேட்டின் முத்திரையிட்ட நகலையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு கையெழுத்துக்காகத் தேடும்போது அந்தப் பயிற்றுநர் வேறு நாட்டில் ஏதாவது ஒரு விமான நிறுவனத்தில் பறந்துகொண்டிருப்பார்.